இர்ஃபானாவின் டப்பாக்கள்

ஜனாஸாத் தொழுகைக்கு முன் இமாம் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னேன்.

“என் மனைவி இர்ஃபானா யாருக்காவது கடன் பாக்கி வச்சிருந்தா என்கிட்ட வாங்க. நான் குடுக்கிறேன்.”

மௌத்தான வீட்டில் யாராவது ஒருவர் சொல்கிற வாக்கியம்தான். கடன் தீராதவரை போனவர்களுக்கு இளைப்பாறுதல் இல்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சொல்லிவிட்டால் பொறுப்பு சொன்னவன் தலைக்கு வந்துவிடும். பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

என்னிடம் மூன்று பேர் வந்தார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடியும்வரை காத்திருந்து வந்தார்கள்.

முதலில் பக்கத்து வீட்டு ஐவி டீச்சர். கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார்.

“ஜாஹித், சொல்ல எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. இர்ஃபானா ரெண்டாயிரம் வெள்ளி வாங்கியிருந்தா. ஊசிக்குன்னு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

தெரியாது. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் பாதிப் பணத்தை அவள்தான் எடுத்து நீட்டுவாள். கேக் விற்ற காசு என்பாள். அவள் கேக்கை எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க வாங்கிச் சாப்பிட்டார்கள். அதனால் நம்பினேன்.

அடுத்து சக்கீனா அக்கா. கடைசி வரிசை வீடு. பத்துப் பேர் மாதம் முந்நூறு வெள்ளி போட்டு, சேர்ந்ததை ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூட்டு நடத்துகிறவர். இர்ஃபானா முதல் மாதமே எடுத்துவிட்டாள். ஏழு மாதக் காசு பாக்கி.

மூன்றாவது ஜைனுலாப்தீன் மாமு. மெயின் ரோட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை, அதை ஒட்டி மளிகை. அவர் கேட்க வரவில்லை. கடனை விட்டுவிட வந்தார்.

“மைதா, பட்டர், கிஸ்மிஸ்னு வாங்கினதுல ஆயிரத்து எண்ணூறு நிக்குது. நான் ஹலாலாக்கிட்டேன். மறந்துடு.”

“வேணாம் மாமு. நான் குடுக்கிறேன்.”

“டேய், காசு வேணாங்கிறேன். காதுல விழலையா?”

“விழுந்துச்சு. குடுக்கிறேன்.”

“காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுத்தானுங்களா?”

“காலையில எந்திரிச்சா செய்யிறதுக்கு எனக்கு ஒண்ணு வேணும் மாமு. அதையும் எடுத்துக்கிடாதீங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“சரி. தவணை தப்புச்சுன்னா வீட்டு வாசல்ல வந்து கத்துவேன்.”

இவை போக, நானே பஜாக்கடையில் கொண்டுபோய் அடகு வைத்த அவள் கழுத்துக் கருகமணி இருந்தது. என் கிரெடிட் கார்டில் மருத்துவமனைச் செலவு ஒன்பதாயிரம். எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்துச் சொச்சம். ஈப்போவில் ஒரு கல் குவாரியின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் மூவாயிரத்து இருநூறு. வருஷ பாத்திஹாவுக்குள் முடிக்க வேண்டும். அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, இனி அவளுக்குக் கடன் இல்லை என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இர்ஃபானாவின் தம்பி அமீருல், ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்து யோசனை சொன்னான்.

“பேங்க்ல ஒரே லோனாப் போடு மச்சான். ஒரே நாள்ல எல்லாம் குளோஸ்.”

“அப்புறம் பேங்குக்கு?”

“அது மெதுவா, ஏழு வருஷம் கட்டலாம்.”

“உங்க அக்காவை ஏழு வருஷம் காக்க வைக்கவா?”

அவன் என் காரை விற்க ஆள் பிடித்துத் தந்தான். கார் கடன் போக மிஞ்சியதில் ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். முன்பு ரப்பர் மரம் நின்ற இடத்தில்தான் எங்கள் தாமான். மழை பெய்தால் அந்தச் செம்மண் சாலையில் மோட்டார் வழுக்கும். இரண்டு முறை விழுந்தேன். பெட்ரோல் மட்டும் பாதியாகக் குறைந்தது.

சமையலறை அலமாரியில் கேக் சாமான் வைக்கும் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி அவள் கையால் பெயர் எழுதியிருந்தாள். மைதாவில் வண்டு. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினேன். டேப்பை உரிக்கவில்லை. சம்பளத்தைக் காசாக எடுத்துவந்து அவற்றில் பிரித்துப் போட்டேன். சீனியில் வாடகை. மைதாவில் சாப்பாடு. கோக்கோவில் பெட்ரோல். ரவையில் கூட்டு. பாதாமில் மற்ற கடன்கள். ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு எடுப்பதில்லை. இருப்பதிலேயே சிறியது கிஸ்மிஸ். எல்லாம் போக மிச்சம் இருந்தால் அதில் போட வேண்டும். அது காலியாகவே இருந்தது.

கூட்டுக் காசு வாங்க வந்த சக்கீனா அக்கா, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் டீ போட அடுப்பங்கரைக்குப் போனார்.

“சீனி எங்க தம்பி?”

“இல்லக்கா.”

“இங்க சீனின்னு எழுதியிருக்கே.”

“அதுல வாடகை.”

மற்ற மூடிகளும் திறக்கும் சத்தம் கேட்டது.

“யா அல்லா! மைதாவுல காசு, கோக்கோவுல காசு. இந்த வீட்டுல ஒரு டீ குடிக்க வழியில்ல லா. கிஸ்மிஸ்ல என்னா?”

“ஒண்ணும் இல்ல.”

அந்த மூடியையும் திறந்து முகர்ந்தார்.

“வாசம் இன்னும் இருக்கு தம்பி.”

நான் மோட்டாரைப் பார்ப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் வரும்போது ஒரு பொட்டலம் சீனி கொண்டுவந்தார்.

மோட்டார் செயின் அறுந்த மாதம் மட்டும் விதியை மீறி மைதாவிலிருந்து எடுத்தேன்; டப்பா இருபதாம் தேதியே காலி. சம்பளம் வரும்வரை சோறு, முட்டை, கிச்சாப். ரவையில் முந்நூறு இருந்தது. தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜைனுலாப்தீன் மாமு போன் செய்தார்.

“கவர்மெண்ட்டுக்காரன் இ-இன்வாய்ஸுன்னு ஒண்ணு கொண்டாந்துருக்கான். மவனுங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. நீ கணக்குப் படிச்சவன்தானே? வந்து பாரு.”

சனிக்கிழமைகளில் அவர் கடையில் உட்கார்ந்தேன். சப்ளையர் பில்கள் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் கிடந்தன, குழம்புக் கறையோடு. எல்லாவற்றையும் முறைப்படுத்த ஒன்றரை மாதம் ஆனது. மாதம் இருநூற்றைம்பது தருவதாகச் சொன்னார்.

“கடன்ல கழிச்சுக்குங்க மாமு.”

“கழிக்க மாட்டேன். இந்தக் கையில வாங்கு, அந்தக் கையில குடு. அப்பத்தான் உனக்குத் தூக்கம் வரும்.”

அப்படியே செய்தோம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கொடுப்பார். நான் அந்தப் பக்கம் போய் நின்று திருப்பிக் கொடுப்பேன். ரொட்டி போடுகிற பையன்கள் சிரிப்பார்கள்.

மாமு சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். ஒரு டயர் கடை வந்தது. மசாலா அரைக்கும் மில் வந்தது. பீடோரில் ஒரு கொய்யாப்பழக் கடை, தாப்பாவில் ஒரு துணிக்கடை. சனி, ஞாயிறு வருமானம் சம்பளத்தில் பாதியைத் தொட்டது. செலவு டப்பாக்களில் ஒரு வெள்ளிகூட ஏற்றவில்லை. வந்தது முழுக்கப் பாதாமுக்குப் போனது.

முதலில் டீச்சர் கடன் முடிந்தது. பிறகு கூட்டு. மாமுவிடம் கடைசித் தவணையைக் கொடுத்தபோது, “போச்சு, இனிமே கத்த ஒரு காரணம் இல்லாமப் போச்சே” என்றார். பஜாக்கடைக்குப் போய் வட்டியோடு கட்டி, கருகமணியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு வரும்வரை ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டே மோட்டார் ஓட்டினேன். கிரெடிட் கார்டின் கடைசித் தொகையைக் கட்டிய அன்று கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். பாத்திஹாவுக்கு ஒரு வாரம் இருந்தது.

பாத்திஹா அன்று வீட்டுக் கூடத்தில் ஆண்கள். திரைக்குப் பின்னால் பெண்கள், ஐவி டீச்சரும் தலையில் துணி போட்டுக்கொண்டு அவர்களோடு. ஓதி முடிந்ததும் எழுந்து நின்றேன்.

“போன வருஷம் பள்ளிவாசல்ல ஒண்ணு சொன்னேன். வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன். இர்ஃபானா இன்னும் யாருக்காவது தரணும்னா இப்பவே சொல்லுங்க.”

மாமு தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவரையும் முறைத்தார், வாயைத் திறந்துதான் பாருங்கடா என்பதுபோல.

திரைக்குப் பின்னாலிருந்து சக்கீனா அக்காவின் குரல் வந்தது.

“தம்பி, ஒரு பாக்கி இருக்கு.”

நான் சட்டைப் பையில் கை விட்டேன்.

“எவ்வளவுக்கா? குடுத்துடறேன்.”

“நீ இல்ல, நான் குடுக்கணும். நாப்பத்தஞ்சு வெள்ளி. என் மவ ரஸ்னாவோட பொறந்த நாள் கேக்கு. இர்ஃபானா கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரம் செஞ்சு குடுத்தது. உன் மூஞ்சியைப் பார்த்தா சொல்ல வாய் வராது.”

“அடிப்பாவி, மாசாமாசம் வந்து முந்நூறு வாங்கினியே!” என்றார் மாமு.

“அது கூட்டு, இது கேக்கு. ரெண்டும் வேற!”

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஐவி டீச்சர்: “என்கிட்டயும் முப்பது இருக்கு ஜாஹித். ஸ்கூல் விருந்துக்குக் கறிப்பாப்பு பலகாரம்.”

அமீருல் மெதுவாகக் கை தூக்கினான். “அக்காகிட்ட நான் இருநூறு…”

“உன்னை அப்புறம் வச்சுக்கிறேன்” என்றார் அவன் வாப்பா.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். மாமு என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

திரைக்கு அடியில் நோட்டுகளை நீட்டினார்கள். எண்ணி வாங்கினேன். எழுபத்தைந்து வெள்ளி. சமையலறைக்குப் போய்க் கிஸ்மிஸ் டப்பாவைத் திறந்து உள்ளே போட்டு மூடினேன்.

சக்கீனா அக்கா பின்னாலேயே வந்து பெரிய கெண்டியை அடுப்பில் ஏற்றினார்.

“இத்தனை பேருக்கு டீ. சீனி எங்க தம்பி? இன்னைக்குப் பார்த்து நான் கொண்டாரல.”

“சீனி இப்ப சீனி டப்பாவுலயே இருக்குக்கா.”