கைமாறிய சமையற்கூடம்

மாதக் கடைசியோடு தொழிலாளர்களுக்கு அவள் அனுப்பும் மதியச் சாப்பாடு வேண்டாம் என்று தொழிற்சாலை மேலாளர் தனேஷ் சொன்னபோது நிலானி முதலில் சிரித்தாள். விளையாடுகிறார் என்று நினைத்தாள். தொழிற்சாலையே தெற்கே ஜோகூர் மாநிலத்துக்கு மாறிப் போகிறதாம்.

"பழைய பாஸ் சொல்லலையா? கடைய உங்களுக்கு விக்கறதுக்கு முன்னமே அவர் வீட்டுக்குப் போய் சொல்லிட்டேனே," என்றார் தனேஷ்.

பழைய பாஸ் கேதீஸ்வரன், அவள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். கிள்ளானில் இருந்த தன் சமையற்கூடத்தை அவர்தான் அவளுக்கு விற்றார். சுபாங் ஜெயாவில் பார்த்துவந்த வேலையை விட்டு, வங்கியில் கடன் எடுத்து அவள் அதை வாங்கியதே இந்த ஒரு ஆர்டரை நம்பித்தான். வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. வாங்கும் முன் தொழிற்சாலையில் ஒரு வார்த்தை விசாரிக்கிறேன் என்றாள். கைமாறும்வரை அவர்களைத் தொந்தரவு செய்யாதே, ஆர்டர் எங்கேயும் போகாது என்று தடுத்தவர் அவர்.

நேராக அவர் வீட்டுக்குப் போனாள். வியாபாரம் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும் என்றார். தனக்கும் இப்போதுதான் தெரியும் என்றார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞர் ஆட்ரியைப் பார்த்தாள். ஆட்ரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பொய் சொல்லி வித்திருந்தா ஒப்பந்தத்த ரத்து பண்ணலாம். கடையத் திருப்பிக் குடுத்துட்டு காச கேக்கலாம். இல்ல, கடைய வச்சிக்கிட்டு நஷ்டத்துக்கு கேஸ் போடலாம். ஆனா சீக்கிரம் முடிவு பண்ணுங்க. உண்மை தெரிஞ்சும் ஓட்டிக்கிட்டே இருந்தா, ஏத்துக்கிட்டீங்கன்னு சொல்வாங்க."

விசாரிக்காமல் ஏன் வாங்கினாய் என்ற கேள்வியும் வரும், கேதீஸ்வரன் தடுத்தது அப்போது உதவும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கும்போதே அவருக்கு விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டும். நிலானி சாட்சி சொல்லத் தனேஷைக் கூப்பிட்டாள். கம்பெனி இதில் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டதாக அவர் மன்னிப்புக் கேட்டார்.

கடையைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். நோட்டீஸ் போன அன்றே அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். சொந்தத்துக்குள் வக்கீலை இழுத்தவள் என்று பெயர் வந்தது. கடன் தவணை நிற்கவில்லை. சமையல்காரர்களின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

வழக்குக்கு முன் ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று இரு தரப்பும் ஆட்ரியின் அலுவலகத்தில் கூடின. கடை தம்பதி இருவர் பெயரிலும் இருந்ததால் கேதீஸ்வரனின் மனைவி சிவமலரும் வந்திருந்தார். விற்ற பிறகே தொழிற்சாலை மாறுவது தெரியும் என்று இருவரும் உறுதி கூறும் சத்தியப் பிரமாணத்தைத் தாக்கல் செய்யப்போவதாக அவர்களுடைய வழக்கறிஞர் சொன்னார். கேதீஸ்வரன் தலையாட்டினார். சிவமலர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் சிவமலர்.

"மலர், வெளியில போய் பேசுவோம்."

"வெளியிலயும் இதத்தான் சொல்வேன். தனேஷ் வந்து சொன்னப்ப நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிடுங்கன்னு அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன்."

கேதீஸ்வரனின் வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் அவகாசம் கேட்டார்.

வழக்கு நீதிமன்றம்வரை போகவில்லை. பந்திங் ஊரில் இருந்த தன் நிலத்தை விற்று, கடைக்கு அவள் கொடுத்த பணத்தைக் கேதீஸ்வரன் திருப்பித் தந்தார். அவள் வாங்கிப்போட்ட புது அடுப்புகளுக்கும் இழந்த சம்பளத்துக்கும் எதுவும் வரவில்லை. இதற்குமேல் இழுத்தால் செலவுதான் கூடும் என்று ஆட்ரி சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

சாவியை வாங்கிக்கொள்ள சிவமலர் மட்டும் வந்தார்.

"மாமா எப்படி இருக்காரு, மாமி?"

"எங்கிட்ட பேசறதில்லம்மா," என்றார் சிவமலர். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் தடுமாற்றம் இல்லை.

நிலானி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவருமாகக் குளிர்பெட்டியில் மிச்சமிருந்த காய்கறிகளை எடுத்து, சமையல்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பங்கிட்டு வைத்தார்கள்.