மைக்செட்காரர் வீட்டு மைதானம்

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருந்த மைதானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைக்செட்காரர் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. வந்தது என்றால் முழுசாக வந்தது. புல், உடைந்த சிமெண்டு பெஞ்சு, ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, எதுவும் விட்டுப்போகவில்லை. கொடிக்கம்பம் மட்டும் கூரை இடித்ததால் ஃபேனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் குனிந்து நின்றது. தெருவிலிருந்து பார்த்தால் பழைய வீடுதான், ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே கால் வைத்தால்தான் எதிர்ச்சுவர் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது தெரியும். மைக்செட்காரரின் மனைவிக்கு முதலில் வந்த கவலை, இத்தனையையும் யார் பெருக்குவது என்பதுதான்.

ஏன் வந்தது என்று கேட்டால், போக்கிடம் இல்லாமல் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை அந்த ஊரில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் மைதானத்தில் போய் நின்று கத்திவிட்டு வருவார்கள். வாத்தியார்கள் கத்தியிருக்கிறார்கள், லாரி ஓட்டுநர்கள் கத்தியிருக்கிறார்கள், நகராட்சி ஊழியர்களே சம்பள உயர்வு கேட்டுத் தங்கள் ஜன்னலைப் பார்த்துத் தாங்களே கத்தியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர் மைக்செட்காரர். எந்தச் சங்கம், என்ன கோரிக்கை என்று பார்க்க மாட்டார். மைக்கில் ஹலோ ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். பிறகு பொது இடத்தில் கூடுவதற்குக் கட்டணம் என்று நகராட்சி தீர்மானம் போட்டது. நிற்பதற்கு, புல் மிதிபடுவதற்கு, குப்பை அள்ளுவதற்கு, காவலுக்கு வரும் போலீசுக்கு, எல்லாம் முன்பணமாக. வசதியுள்ள சங்கங்கள் ஒன்றிரண்டு தடவை கட்டிப் பார்த்தன. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இந்தக் கட்டணமே அநியாயம் என்று சொல்லக் கூடலாமா என்று சிலர் போய்க் கேட்டார்கள். தாராளமாகக் கூடலாம், கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கூடுங்கள் என்றார் அனுமதிப் பிரிவு அதிகாரி. அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, கிண்டல் பண்ணத் தெரிந்த மனிதரும் இல்லை.

அதே வருஷம் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை ஆள் போதவில்லை என்று பூட்டினார்கள். பிரசவமென்றால் இனி மலைப்பாதையில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மைக்செட்காரரின் ஒரே மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருந்ததால் அப்பா வீட்டில்தான் இருந்தாள். ஊருக்கெல்லாம் குழாய் கட்டியவருக்கு முதல் தடவையாகச் சொந்தத்தில் ஒரு குறை வந்தது. பெட்டி பெட்டியாக மைக் இருந்தது, நிற்கத்தான் இடமில்லை. சொந்த வீட்டில் கூடினால் யாருக்கும் பைசா தர வேண்டாமே என்று மனைவிதான் யோசனை சொன்னாள். தெருவில் ஒரு பத்துப் பேரை மனதில் வைத்துச் சொன்னாள், வந்ததோ பாதி ஊர். ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள், ஒருவர்கூட வெளியே நிற்கவில்லை. கடைசி ஆளும் உள்ளே போன பிறகுதான் காலுக்கடியில் புல் இருப்பதைக் கவனித்தார்கள். வார்டைத் திற என்று அன்று தொண்டை வறளக் கத்தினார்கள். கத்தி வெகு நாளாயிற்று என்று சிலர் சந்தோஷத்தில் அழுதார்கள். அந்த ஊருக்கு நல்ல நாள் என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் ஆபீசுக்கு வந்து ஜன்னலைத் திறந்த அதிகாரிக்கு எதிரே மைதானம் இல்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கோர்ட்டின் சுவர் கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு வந்திருந்தது. விசாரித்துக்கொண்டு சர்வேயரோடு மைக்செட்காரர் வீட்டுக்கு வந்தார். அளந்து பார்த்ததில் ஒரு முழம்கூடக் குறையவில்லை. ஆகவே இது பொது இடம், ஆகவே கட்டணம் உண்டு என்றார். மைக்செட்காரர் இது என் வீடு என்று தகராறு செய்தார்.

“வீடு உங்களோடதுதான், நான் இல்லைன்னு சொல்லலையே. உள்ள கிடக்கிற நிலம்தான் எங்களோடது.”

குடியிருக்கலாம், சமைக்கலாம், தூங்கலாம், ஆனால் அனுமதி வாங்காமல் குரலை உயர்த்தி எதையும் கேட்கக் கூடாது என்று விளக்கிவிட்டுப் போனார். ஆட்கள் வருவது நின்றது. நகராட்சி மேல் கேஸ் போட்டார்கள், வாய்தா மேல் வாய்தாவாகப் போயிற்று. வார்டின் பூட்டு துருப்பிடித்தது.

மகளுக்கு வலி எடுத்தபோது கட்டில் மைதானத்தின் அந்தக் கோடியில் கிடந்தது, வாசல் இந்தக் கோடியில். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் புல்லில் நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் திரும்புவதற்குள் ரத்தம் பெருகிவிட்டது, கொடிக்கம்பத்தடியில் இறக்கினார்கள். மைக்செட்காரர் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். அத்தனை வருஷத்தில் ஹலோவைத் தவிர அவர் மைக்கில் பேசியது அதுதான்.

“வார்டுல வேலை பார்த்த நர்ஸம்மா யாராவது இருந்தா வாங்க. எம் பொண்ணுக்கு முடியலை. யாராவது வாங்க.”

ஊர் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. நர்சுகளோ மாற்றலாகிப் போய் மாதக்கணக்காகியிருந்தது. ஓடி வந்தவர்களில் முதல் ஆள் பக்கத்து வீட்டு கேஷியரம்மா, பாவம், அவளுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும். குழந்தை பிறந்தது, மகள் போய்விட்டாள். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறந்த குழந்தை அழுதது எல்லாக் குழாயிலும் கேட்டது.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அனுமதியில்லாமல் ஒலிபெருக்கியில் கோரிக்கை வைத்தவருக்கு ஒரு கட்டணம், தொடர்ந்து அதே ஒலிபெருக்கியில் குரல் எழுப்பிய இரண்டாம் நபருக்கு ஒரு கட்டணம் என்றார். இரண்டாம் நபர் யார் என்று மனைவி கேட்டாள். அதிகாரி தொட்டிலைப் பார்த்தார்.

“சின்னக் கொழந்தைங்கிறதால பாதிதாம்மா போட்டிருக்கேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.”

அவர் கண் கலங்கியிருந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். கலங்கிய கண்ணோடு வசூல் பண்ணிக்கொண்டு போனார்.

அதைக் கட்ட மைக்செட் முழுவதையும் விற்க வேண்டியிருந்தது. வார்டு இருந்த கட்டிடம் இப்போது சிமெண்டு குடோன். கட்டணம் இரண்டு முறை ஏறிவிட்டது. மைதானம் அந்த வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது, யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. மனைவி புல் வெட்டுகிறாள். பேத்தி மெதுவாகவே பேசிப் பழகியதால் பள்ளிக்கூடத்தில் அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கியிருக்கிறாள். மகளை நினைத்து அழுகை வரும்போது புருஷனும் பெண்டாட்டியும் எழுந்து, அத்தனை தூரமும் நடந்து வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். கேஷியரம்மா உள்ளறையைத் திறந்துவிட்டு டிவியைச் சத்தமாக வைக்கிறாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.