ஒரு 'ஆம்' அதிகம்

அக்தர் வாங்கியது பதின்மூன்று. பன்னிரண்டைத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நான் பரிந்துரை எழுதக் கூடாது. எங்கள் கூர்நோக்கு இல்லத்தின் விதி அது. பிடிபட்ட பையன்களுக்கு ஊர் மேல், சட்டத்தின் மேல் எவ்வளவு வெறுப்பு என்று அளக்க நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொரு 'ஆம்' என்பதற்கும் ஒரு மதிப்பெண். மனசை முழம் போட்டு அளக்கலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ!

அவனை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய, பதினோரு மணிக்கு இளைஞர் நீதிக் குழுமம் கூடும். மணி பத்தே முக்கால். அவன் அம்மா ஹஃபீசா முடிச்சூரிலிருந்து வந்து, மகனுக்கு மாற்றுச் சட்டையோடு காலையிலிருந்தே வாசலில் நிற்கிறாள்.

அக்தருக்குப் பதினாறு வயது. நண்பன் திருடிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதுதான் குற்றம். 'போலீஸைக் கண்டால் ஓடத் தோன்றும்': ஆம் என்று எழுதியிருக்கிறான். யாருக்குத்தான் தோன்றாது? எனக்கே தோன்றும்.

போன மாதம் கதிரேசன் என்று ஒருவன். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று உட்கார்ந்து, நாற்பதுக்கும் 'இல்லை' போட்டான். பூஜ்யம். என் கையெழுத்தோடு வீட்டுக்குப் போனவன், நாலாம் நாள் மேடவாக்கத்தில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அக்தரை மறுபடி கூப்பிட்டேன்.

"உள்ள பசங்க உனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கலையா?"

"சொன்னாங்கோ மேடம். எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுகினே போ, வூட்டுக்கு அனுப்சிடுவாங்கன்னு. நீங்கதான உண்மைய எழுத சொன்னீங்க?"

கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. எட்டு வருட ஆலோசகர் வேலையில் செய்யாததைச் செய்தேன். கதவைச் சாத்திவிட்டு, தாளையும் ரப்பரையும் அவன் பக்கம் தள்ளினேன்.

"ஒண்ணே ஒண்ணை மாத்துடா. அது போதும். அம்மாவோட வீட்டுக்குப் போயிடலாம்."

"பொய்யா எழுதணுமா மேடம்?"

"சீக்கிரம்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சந்திரிகா மேடம், பையனை அனுப்புங்க!" வெளியே குமாஸ்தா கத்தினார்.

அக்தர் தாளை மேலிருந்து கீழே படித்தான். ஓரிடத்தில் நின்றான். அழித்து எழுதி நீட்டினான்.

முப்பத்தோராவது வாக்கியம். 'பெரியவர்கள் சொல்வதை நம்பக் கூடாது.' அதற்கு 'இல்லை' என்று எழுதியிருந்தான். இப்போது 'ஆம்'.

"என்னடா பண்ணின?"

"மாத்த சொன்னீங்களே மேடம். இது ஒண்ணுதான் இப்ப மாறிச்சு."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. குமாஸ்தா கதவைத் தட்டினார். என் கையில் பதினான்கு.