முந்நூறு ஞாயிறு, இருநூற்றுப் பன்னிரண்டு படம்

லிப்ட்காரர் போவதற்கு ஒரு ரயில் டிக்கெட்டும் வருவதற்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தார். இது அவரைத் தவிர இன்னொரு மனித உயிருக்குத் தெரியாது. யாருக்காக அந்த இரண்டாவது டிக்கெட்டோ அவளுக்கே தெரியாது.

அவள் அவருடைய மனைவி. மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பினவள், இரண்டு வருஷமாக மகள் வீட்டிலேயே இருக்கிறாள். ஏன் வரவில்லை என்று இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு போன் வரும். மாத்திரை தீர்ந்துபோயிற்றா, தண்ணீர் பில்டரை மாற்றினீர்களா, கரண்ட் பில் வந்ததா. நாலு நிமிஷம், மிஞ்சிப் போனால் ஐந்து. அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வருவதாக மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார். திரும்பும்போது அவளைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும் என்பதுதான் இவர் போட்டிருந்த திட்டம். என்ன சொல்லி அழைப்பது என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

யோசித்தாலும் வாய் வரவேண்டுமே. பேச்சில் அப்படி ஒரு கஞ்சத்தனம் அவருக்கு. முப்பத்தோரு வருஷமாக லிப்ட் ரிப்பேர். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் ரூமிலும், அடியில் குழிக்குள்ளும், நடுவில் கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டும் தனியாகவே காலம் போயிற்று. கூட வேலை பார்ப்பவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: கேட்டால் ‘ம்’ என்பார், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவி அதைக் கோபம் என்று நினைத்தாள். கொஞ்ச நாள் கழித்து உடம்புக்கு முடியவில்லையோ என்று கவலைப்பட்டாள். பிறகு விட்டுவிட்டாள். ஆள் ஒன்றும் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, வேலை முடிந்தால் நேராக வீடு. வீட்டில் இருப்பார். இருப்பார் என்பதோடு சரி.

அந்தச் சனிக்கிழமை அவர் பழைய கேமராக் கடைக்குப் போனதும் ரயில் பயணத்தை உத்தேசித்துத்தான். பேத்தியைப் படம் எடுக்க வேண்டும் என்று திடீரென்று ஓர் ஆசை. பீரோ மேல் மனைவியின் கேமரா இருந்தது. பெரிய டிஎஸ்எல்ஆர், லென்ஸோடு சேர்த்துக் கழுத்தில் போட்டால் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதைக் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையில் போடுகிற மாதிரி சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

எட்டு வருஷத்துக்கு முன் அதை வாங்கும்போதே அவர் சின்னதைத்தான் கை காட்டினார். அவள் கேட்கவில்லை. எதற்கும் அடம் பிடிக்காதவள் அன்றைக்கு மட்டும் பெரியதுதான் வேண்டும் என்று நின்றாள். “இதை மாட்டிக்கிட்டுக் கிளம்பினாத்தான் ஏதோ ஒரு வேலையா வெளிய போற மாதிரி இருக்கும்” என்றாள். அவர் ‘ம்’ என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தது. நாலு மணி ஆனால் கேமராப் பை தோளில் ஏறும். ஹால் வாசலில் நின்று, “போட்டோ எடுக்கப் போறேன்” என்பாள். சொன்ன பிறகும் ஒரு கணம் நிற்பாள். செருப்பு மாட்டுகிறாள் என்று இவர் டிவியைப் பார்த்தபடியே நினைத்துக்கொள்வார். ஏழு மணிக்குத் திரும்பி வருவாள். ஆறு வருஷம் இப்படி. மழை, காய்ச்சல் எல்லாம் கழித்தால் முந்நூறு ஞாயிறு தேறும்.

கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் தரைக்கு ஓர் அங்குலம் கீழேயே நின்றது. பிரேக் தேய்ந்திருக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே வெளியே கால் வைத்தார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற பொத்தான் கிடையாது. இருவருக்கும் நல்ல பொருத்தம், ஒருவர் வாயே வேலை செய்தால் போதும்.

கடைக்காரர் எடுத்து வைத்த சின்ன கேமரா வெள்ளி நிறம், சோப்புப் பெட்டி அளவு. லிப்ட்காரரைப் பார்த்து நீட்டிப் பிடித்து, உடனே திரையைத் திருப்பிக் காட்டினார். எடுத்தாகிவிட்டதா என்று இவர் ஆச்சரியப்பட்டார். சத்தமே வரவில்லை. பிறகு கடைக்காரர் பெரிய கேமராவைப் பையிலிருந்து எடுத்து, செத்துக் கிடந்த பேட்டரியைக் கழற்றித் தன்னிடமிருந்த ஒன்றைப் போட்டு, இரண்டு தடவை அமுக்கினார்.

டக். டக்.

பக்கத்துக் கடையில் கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள ஒரு கண்ணாடி இருக்குண்ணே. அது மேல எழும்பி விழற சத்தம். பழைய மாடல்ல இதுதான் தொல்லை. யாருக்கும் தெரியாம எடுக்கவே முடியாது, ரூமே திரும்பிப் பார்க்கும்.”

லிப்ட்காரர் ‘ம்’ என்றார்.

கடைக்காரர் கேமராவைக் கம்ப்யூட்டரில் ஒரு வயரால் இணைத்தார். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேமராவே உள்ளுக்குள் எண்ணிவைத்திருக்கும், படத்தை அழித்தாலும் அந்த எண் அழியாது, அதைப் பார்த்துத்தான் விலை சொல்லுவோம் என்று விளக்கினார். இது லிப்ட்காரருக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை. லிப்டிலும் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். வாட்ச்மேன் ஆயிரம் கதை சொல்லட்டும், லிப்ட்காரர் பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்ப்பார், அதை மட்டும் நம்புவார்.

கழுத்துப் பட்டை தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. பையின் அடிப்பாகம் வெளுத்திருந்தது. நன்றாக உழைத்த கேமரா, நாற்பதாயிரமாவது ஓடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்த கடைக்காரர், நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

“இருநூத்திப் பதினாலு. இப்ப நான் அடிச்ச ரெண்டைக் கழிச்சா இருநூத்திப் பன்னெண்டு. என்னண்ணே, வண்டியை ஷெட்லயே வெச்சிருந்தீங்களா?”

கடைக்காரருக்கு ஒரே குஷி. மேலே ஒரு காசு தர வேண்டாம், சின்ன கேமராவை அப்படியே மாற்றிக்கொள்ளலாம், உறையும் தன் செலவு என்றார். லிப்ட்காரர் காதில் எதுவும் விழவில்லை. முந்நூறு ஞாயிறு. இருநூற்றுப் பன்னிரண்டு படம். ஒரு நாளைக்கு ஒன்று என்றால்கூடக் கணக்கு இடித்தது. எண் பொய் சொல்லாது. அப்படியானால் யார் பொய் சொன்னது? மூன்று மணி நேரம் எங்கே போனாள்? ஓர் அரை நிமிஷம், புருஷன் என்ற ஜாதிக்கே உரிய அற்பப் புத்தி அவருக்கும் வந்தது. அதை மறைப்பானேன்.

அதற்குள் கடைக்காரர், கார்டில் படம் இருக்கிறது, வேண்டுமா அழித்துவிடவா என்று கேட்டு கேமராவை அவர் கையில் கொடுத்தார்.

முதல் படத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். ஜன்னலோரப் பூந்தொட்டி. பக்கத்து வீட்டுப் பூனை. மேகம், நிறைய மேகம். ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. எல்லாம் வாங்கின முதல் மாதத்துத் தேதி. நூற்றுத் தொண்ணூறு படம் அதிலேயே முடிந்துபோயிற்று. மிச்சம் இருபத்திரண்டு.

அந்த இருபத்திரண்டும் ஒரே படம்தான். ஒரு நாற்காலி. அதற்கு அப்பால் டிவி. நாற்காலிக்கு மேலே ஒரு பின்மண்டை. ஹால் வாசலில் நின்று எடுத்தது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் மாலை நாலு மணி. மூன்று மாதத்துக்கு ஒன்று, நாலு மாதத்துக்கு ஒன்று என்று ஆறு வருஷம். சட்டை மாறியிருந்தது. டிவிகூட ஒரு தடவை மாறியிருந்தது. தன் உச்சி வழுக்கை காசு அளவிலிருந்து தட்டு அளவுக்கு வளர்ந்த கதையை அவர் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். முகம் ஒன்றில்கூட இல்லை.

டக் என்று கேட்டிருக்கும். பத்தடி தூரம்கூட இல்லை. இருபத்திரண்டு தடவை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என்ன எடுத்தாய், காட்டு என்று அவர் ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தால் அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். கேமராவைச் சும்மா தூக்கிக்கொண்டு போய் அந்த ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள், கார்டை அப்படியே விட்டுவைத்திருந்தாள். எதையும் ஒளிக்கவில்லை. இந்த மனுஷர் கேட்க மாட்டார் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

சின்ன கேமராவை மெதுவாகக் கடைக்காரர் பக்கம் நகர்த்திவிட்டு, பெரியதைப் பைக்குள் வைத்தார். கடைக்காரர் இவர் பேரம் பேசுகிறார் என்று நினைத்து ஒரு மெமரி கார்டையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். இவர் இருக்கட்டும் என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கியே கீழே வந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு போன் வந்தது. மாத்திரை, பில்டர், கரண்ட் பில். எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டார். நாலாவது நிமிஷத்தில், அவள் வைக்கப் போகிற நேரத்தில், தொண்டையைச் செருமினார். வரும்போது கேமராவை எடுத்து வரட்டுமா என்று கேட்டார்.

“எதுக்கு? குட்டியைத்தான் மாப்பிள்ளை போன்ல எடுத்துக்கிட்டே இருக்காரே.”

“உனக்கு.”

அந்தப் பக்கம் பேத்தி எதையோ தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எனக்கு இங்க அது தேவைப்படலைங்க. வாசலுக்குப் போனாலே குட்டி காலைக் கட்டிக்கிட்டு, எங்க போறே எங்க போறேன்னு கேக்குது.”

அவள் குத்திக்காட்டவில்லை. குழந்தையைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள். அதனாலேயே அது இறங்க வேண்டிய இடத்தில் போய் இறங்கியது.

“நீ எடுத்த படத்தையெல்லாம் நேத்து பார்த்தேன்” என்றார்.

“ம்” என்றாள் அவள்.

முப்பது வருஷமாக அவர் அவளுக்குக் கொடுத்து வந்தது இந்த ஒற்றை எழுத்துத்தான். வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவை முகத்தில் சாத்துவதுகூட இல்லை, கதவே இல்லாத சுவரைப் பார்த்து நிற்பது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

“சத்தம் கேக்கலையா உங்களுக்கு?” என்று அவளே கேட்டாள். ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்த ஒரு விஷயத்தைக் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கேட்டது என்று சொன்னால் பாவம். கேட்கவில்லை என்றால் பொய். “கேட்டிருக்கும். டிவின்னு நெனச்சிருப்பேன்” என்றார்.

“சரி.”

“வர்றதுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்.” இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் ஐம்பத்தெட்டு வயதில் இப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

“ஒண்ணை ரத்து பண்ணிடுங்க” என்றாள். கோபம் இல்லை. பில்டரை மாற்றச் சொல்கிற அதே குரல். “நீங்க வாங்க. பத்து நாள் இருந்துட்டுப் போங்க. குட்டிக்கு உங்க முகமே தெரியாது.”

போன் வைத்தபோது ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. அவர்கள் இரண்டு வருஷத்தில் பேசியதிலேயே அதுதான் நீளம்.

மத்தியானம் சாப்பிட்டோம் என்று பேர் பண்ணினார். டிவியைப் போட்டார், அணைத்தார். வீடு அப்படியே இருந்தது. அவள் இருந்தபோதும் அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருந்திருக்கும். இந்த வீட்டுக்குள் மூன்று மணி நேரம்கூட இனி உட்கார முடியாது என்று தோன்றியது. வெளியே போகலாம் என்றால் எங்கே போவது, என்ன காரணம் சொல்லிக்கொண்டு போவது? வேலைக்கும் கடைக்கும் தவிர அவருக்குப் போகிற இடம் கிடையாது. சும்மா போய் ஒரு பெஞ்சில் உட்கார வெட்கமாக இருந்தது. தோளில் ஏதாவது கனமாக மாட்டியிருந்தால் ஏதோ வேலையாக வந்த மாதிரி இருக்கும்.

கடைக்காரர் கொடுத்த பேட்டரி கேமராவிலேயே இருந்தது. நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நாலு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹால் வாசலில் வந்து நின்றார். செருப்பை மாட்டியாகிவிட்டது. அதற்கு ஒரு கணம்கூட ஆகவில்லை.

“போட்டோ எடுக்கப் போறேன்” என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். நாற்காலி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து அமுக்கினார். டக் என்ற சத்தம் ஹால் சுவரில் மோதி, சமையலறை வரை போய்விட்டு வந்தது. டிவி ஓடியிருந்தாலும் கேட்டிருக்கும்.