ஆயிரத்து இருபத்துநான்கு சேரட்டும்

கொழுந்தனுக்கு அவள் வீட்டில் அண்ணி, அலுவலக வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்ததும் மேடம். காலையில் ஒரே மேசையில் காபி குடித்துவிட்டு வந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இணையம் வழியாக நிறுவனத்துக்குள் வரும் ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டையும் பன்னிரண்டாயிரம் விதிகளோடு ஒப்பிட்டு, விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும் பெட்டி அண்ணியின் பொறுப்பு. அது விதிகளை ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும். கொழுந்தன், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போடும் கிராஃபிக்ஸ் கார்டை வைத்து நிரல் எழுதினான்: ஆயிரத்து இருபத்துநான்கு பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே மூச்சில் சரிபார்க்கும். இன்று இயக்குநர் முன்னால் ஜெயித்தால் பெட்டி அவன் கைக்கு வரும். தோற்றால் புகார் மேசை. அந்த நிபந்தனையை எழுதிக் கொடுத்ததே அண்ணிதான்.

போன மாதம் அவள் நிரலைப் பார்க்கக் கேட்டபோது, “பழைய இரும்புக்கு இது புரியாது” என்று எல்லாருக்கும் நகல் போட்டு மெயிலில் பதில் எழுதியவன் அவன்.

முதல் சுற்றில் பாக்கெட்டுகளை வெள்ளமாகத் திறந்துவிட்டார்கள். இருபது மடங்கு வேகம். இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கூட்டம் இருந்தா எந்தக் கடையும் ஓடும்,” என்றாள் அண்ணி கொழுந்தனிடம். “இப்ப ஒரே ஒரு பாக்கெட் விடுங்க சார்.”

“ஒண்ணா? எதுக்கு?” என்றான் அவன்.

“ஏன், ஒண்ணுன்னா உங்க கார்டுக்குக் கௌரவக் குறைச்சலா?”

விட்டான். திரை அசையவில்லை. பத்து நொடி. இருபது. கும்பல் சேரும்வரை காத்திரு என்று எழுதியவன், எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.

“இன்னும் ஆயிரத்து இருபத்துமூணு பேர் வரணும் போல,” என்றாள் அவள். யாரோ சிரித்தார்கள்.

“ஒரே வரி சார், இதோ!” இயக்குநரிடம் சொல்லிக்கொண்டே விசைப்பலகையை இழுத்தான். “அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“மேடம்,” என்று திருத்தினாள். “மூணு வாரமாத் தெரியும். அறிக்கையில வேகம் போட்டிருந்தீங்க, தாமதம் போடலை. சொல்லியிருப்பேன். பழைய இரும்பாச்சே, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.”

இரண்டு மில்லிநொடிக்கு மேல் காத்திருக்காதே என்ற வரியை அவன் சேர்த்ததும் பாக்கெட் பறந்தது. அதற்குள் இயக்குநர் எழுந்துவிட்டார்.

“கார்டை மேடம் பாத்துக்கட்டும். நீங்க திங்கள்லேருந்து புகார் மேசை.”

கதவருகே போன அண்ணி திரும்பினாள்.

“அந்த ஒரு வரியை எனக்கு மெயில் பண்ணிடுங்க. நகல் எல்லாருக்கும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினான்.