இருபதாவது உதை

நடிகர் தம் முதல் படத்தில் ஒரு வயதானவரைப் படிக்கட்டிலிருந்து பத்தொன்பது முறை உதைத்துத் தள்ளினார். ஃபிலிமில் பத்தொன்பது முறையும் அவரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். உதையை ஸ்டூடியோவில் அறுபது பேர் கண்ணால் பார்த்தார்கள். லேபில் கழுவி வந்த சுருளை இரண்டு நாள் கழித்துத் திரையில் ஓட்டினால், வீட்டைக் காலி செய்யவைக்க வந்த முரடன், கீழே கிடப்பவரைத் தோளோடு அணைத்து எழுப்பி, அவர் முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருப்பான். உதை போன இடம் தெரியாது. டைரக்டர் ‘கட்’ சொல்லி, கேமரா நின்ற பிறகு நடந்த காரியம் அது. முதலில் ஃபிலிமை மாற்றினார்கள், பிறகு லேபை, கடைசியில் ஒளிப்பதிவாளரையே மாற்றினார்கள். மழைக்காலத்தில் ஃபிலிம் இப்படி ஏதாவது செய்யும் என்று லேப்காரர் சொன்னதை எல்லாரும் கொஞ்ச நாள் நம்பினார்கள். பிறகு வெயில் காலம் வந்துவிட்டது.

டைரக்டரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவருடைய படத்தில் ஒரு தடவை முகம் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஸ்டூடியோ வாசலிலும் கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை என்பது ஊரறிந்த விஷயம். எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார் என்பதும் அப்படியே. நடிகருக்கு அப்போது இருபத்தாறு வயது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையை விட்டுவிட்டு ஐந்து வருடம் வாசல்களில் நின்றவர். கல்யாணத்தில் விருந்தாளியாக, தீவிபத்தில் ஓடுகிறவராக, கூட்டத்தில் ஒரு தலையாக வந்துபோனார். அந்த ஐந்து வருடமும் மனைவி தையல் மெஷினை மிதித்துத்தான் வீட்டில் உலை கொதித்தது. பேசுவதற்கு நாலு வரியும் உதைப்பதற்கு ஓர் உதையும் கிடைத்த நாளில் இருவரும் கடவுள் கண்திறந்தார் என்று கும்பிட்டார்கள்.

உதை வாங்குகிறவரை ஸ்டூடியோவில் சறுக்கு அண்ணன் என்பார்கள். முப்பது வருடமாக விழுவதே அவர் தொழில். மாடியிலிருந்தும் குதிரையிலிருந்தும் விழுந்திருக்கிறார்; ஒருமுறை, நின்றுகொண்டிருந்த ரயிலிலிருந்து ஓடுகிற ரயிலிலிருந்து விழுவதுபோல விழுந்தார். விழுகிறவரை யாரும் தூக்கக் கூடாது, அவராக எழுந்து அவராக ஒதுங்கிக்கொள்வார் என்பது அந்தத் தொழிலின் மரியாதை. வாசலிலேயே நின்று காலத்தைக் கழித்த நடிகருக்கு இது தெரியாது. அவர் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தூக்கினார். தூக்கும்போது, “நான் இல்லண்ணே, அந்த முரட்டுப்பயதான் உதைச்சான்” என்று காதோடு சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னால்தான் அவருக்கு மனம் ஆறியது.

சறுக்கு அண்ணனுக்கு மனம் ஆறவில்லை. பத்தொன்பதாவது சுருளைப் பார்த்துவிட்டு வந்தவர் நடிகரைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு உதை உதைச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிருந்தா நான் ஒரு தடவைதான் விழுந்திருப்பேன். நீ இரக்கப்பட்டு இரக்கப்பட்டே என் இடுப்பை ஒடிச்சிட்டியே.”

பெரியவரும் அதற்குள் விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஃபிலிம் ஏன் அப்படிச் செய்கிறது என்று அவர் ஆராயவில்லை. அது தம் வேலை இல்லை என்று நினைத்தார். இனிமேல் ‘கட்’ சொன்னதும் திரும்பிப் பார்க்காமல் மேக்கப் அறைக்குப் போய்விட வேண்டும், தூக்கினால் மறுநாள் முதல் வர வேண்டாம் என்று உதவியாளரிடம் சொல்லியனுப்பினார்.

நடிகர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விழுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். தூக்காதே என்கிறார் என்றார் நடிகர்.

“அது போன தடவை விழுந்தப்போ சொன்னது. நாளைக்கு விழறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அதுக்குக் கூடவா டைரக்டர் தடை போட்டிருக்காரு?”

மறுநாள் விளக்குகளைப் போடுவதற்கு முன்பு நடிகர் கேட்டார். முப்பது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் சறுக்கு அண்ணனிடம் கேட்டதில்லை. முட்டி வீங்கியிருக்கிறது, இன்றைக்குத் தானாக எழ முடியும் என்று தோன்றவில்லை, ஆனாலும் யாராவது லைட்காரர் வருவார், நீ உன் பிழைப்பைப் பார் என்றார்.

இருபதாவது உதை சுத்தமாக விழுந்தது. ஐந்து படியும் உருண்டு சறுக்கு அண்ணன் கீழே கிடந்தார். பெரியவர் ‘கட்’ என்றார். நடிகர் திரும்பி மேக்கப் அறைப் பக்கம் நாலு எட்டு வைத்தார். லைட்காரர்கள் அண்ணாந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சறுக்கு அண்ணனின் கை மட்டும் கடைசிப் படியின் விளிம்பைத் தேடித் துழாவியது; இரண்டு முறை பிடித்து இரண்டு முறையும் வழுக்கியது. நடிகர் தையல் மெஷினை நினைத்தார். ஐந்து வருடத்தை நினைத்தார். பிறகு திரும்பி வந்து குனிந்து, அவரைத் தூக்கினார். வழக்கமான சமாதானம் வாய்க்கு வரவில்லை.

“நான்தான்ணே உதைச்சேன். வலிக்குதா?”

“வலிக்குது” என்றார் சறுக்கு அண்ணன். “மெதுவா தூக்கு.”

நடிகர் யாரும் சொல்லாமலே வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்துச் சுருள் வந்தது. அதில் உதை இருந்தது, பார்த்தவர்கள் நாற்காலியில் பின்னுக்குச் சாய்கிற அளவுக்கு இருந்தது. அதை அடுத்து, தூக்கிவிடுவதும் இருந்தது. பெரியவர் மறுபடி ஓட்டச் சொன்னார். இன்னொரு டேக் எடுத்துவிடலாமா என்றார் உதவியாளர்.

“வேண்டாம். உதைக்கிறவனைத்தான் எனக்கு எழுதத் தெரிஞ்சுது. இவன் யாருன்னு எனக்குத் தெரியல. இவனைக் கூட்டிட்டு வா.”

அதன்பின் நடிகர் பெரியவருடன் பதினொரு படங்களும் மற்றவர்களுடன் நூற்று அறுபது படங்களும் செய்தார். பெரும்பாலும் வில்லன். எந்தப் படத்திலும் அவர் அடித்துச் சாய்த்த ஆளைக் கடைசிச் சுருளுக்குள் எங்காவது ஓரிடத்தில் தூக்கிவிட்டுவிடுவார். எழுதியிருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. எடிட்டர்கள் வெட்டிப் பார்த்தார்கள். வெட்டிய இடத்துக்கு அது இரண்டு நாளில் திரும்பி வந்தது. கடைசியில், அவர் நடித்தால் இருபது அடி ஃபிலிமைக் கூடுதலாக வாங்கி வைப்பது என்று தயாரிப்பாளர்கள் பழகிக்கொண்டார்கள்.

அந்த முதல் படம் வெளியான மூன்றாவது வாரம் சறுக்கு அண்ணனின் மனைவி பகல் காட்சிக்கு வந்தாள். கதாநாயகர்களுக்குப் பதிலாக விழுகிறவரின் முகம் திரையில் தெரியக் கூடாது. அதனால் முப்பது வருடமாகக் கணவரின் முதுகை மட்டும்தான் அவள் சினிமாவில் பார்த்திருந்தாள். முரடன் அவரைத் தூக்கியபோது அந்த முகம் வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, திரை முழுக்க நின்றது. “எங்க வீட்டுக்காரரு” என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னாள். அவள் பார்த்து முடிக்கும்வரை திரையில் முகம் நகரவில்லை. அன்று காட்சி நான்கு நிமிடம் தாமதமாக முடிந்தது. மறுநாளும் அவள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். நான்காம் நாள் தியேட்டர்காரர் வாசல் பலகையில் மாலைக் காட்சியின் நேரத்தை நான்கு நிமிடம் தள்ளி எழுதிவைத்தார்.