முதல் பக்கத் தொடர்ச்சி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆபீசில் கேட்டுப் பாருங்கள், "லாசரஸா? ஊசிப் பட்டாசு" என்பார்கள். அந்த நான்தான் மூன்று வாரமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

தாம்பரத்தில் 8.05 பீச் ஸ்டேஷன் மின்சார வண்டி ஏறுகிற நாங்கள் மூன்று பேர் ஒரு செட். நான், சிட்டிபாபு, ஏகநாதன். மூவருக்கும் ஒரே பேப்பர். சிட்டிபாபு வாங்கி வந்து தாள் தாளாகப் பிரித்துக் கொடுப்பான். மூத்தவன் என்று முதல் பக்கம் எப்போதும் எனக்குத்தான். ஆனால் என் மகன் எட்மண்டின் படையைக் கார்கிலுக்கு அனுப்பியதிலிருந்து உள்தாள் மட்டுமே என் கைக்கு வந்தது. வெளிநாட்டுச் செய்தி, கிரிக்கெட். கேட்டால் சிட்டிபாபு, "ஏகநாதன் சார் படிச்சிகினு கீறார் சார்" என்பான். வீட்டிலோ என் மனைவி ஞானசௌந்தரி பயத்தில் டிவி ஒயரையே பிடுங்கிவிட்டாள்.

தொலையட்டும் என்று வெளிநாட்டுச் செய்தியைப் படித்தேன். உலக நாடுகளின் உபதேசம்: இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டுமாம்! அடப் பாவிகளா, திருடன் வீட்டுக்குள் புகுந்திருக்கிறான், என் பிள்ளை பனியில் குப்புறக் கிடக்கிறான், பொறுமை எனக்கா? நாம் செத்தாலும் கேட்க நாதியில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு மெல்லத் தொனி மாறியது. பாகிஸ்தானின் தோழன் சீனாவே பட்டும் படாமலும் பேசியது. அமெரிக்கா பாகிஸ்தானைப் பார்த்து முகம் சுளித்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஜூன் இருபத்தொன்று, திங்கட்கிழமை. குரோம்பேட்டை தாண்டும்போது என் தாளில் 'முதல் பக்கத் தொடர்ச்சி' என்று ஒரு செய்தி. எட்டுப் பெரிய நாடுகள் ஜெர்மனியில் கூடியிருந்தன. ஆயுதத்தோடு ஆட்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததுதான் இந்தச் சண்டைக்குக் காரணம் என்று சொல்லியிருந்தன. மறுபடி படித்தேன். அதேதான்!

"நம்ம பக்கம் பேசிட்டாங்கய்யா!" என்று துள்ளி எழுந்தேன். பெட்டியே திரும்பியது. யாரோ விசிலடித்தார்கள். "அவனுங்க போயாகணும், என் பையன் வந்துடுவான்!" முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஆரம்பத்தைப் படிக்கணும். முதல் பக்கத்தைக் குடு."

சிட்டிபாபு அசையவில்லை. "வோணாம் சார்." அப்போதுதான் பார்த்தேன், அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஏன்யா?"

ஏகநாதன்தான் பதில் சொன்னார். "அதுல செத்தவங்க லிஸ்ட் வருது சார். இவன் தினம் ஏழு மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்து பார்த்துடுவான். எட்மண்ட் தம்பி பேர் இருந்தா, உங்களை வண்டி ஏற விடாம நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு பேசி வச்சிருக்கோம்."

"மடையனுங்களா! பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குத் தந்தி வந்துடாதா?"

"நீங்கதான் ஏழரைக்கே கெளம்பிடறீங்களே" என்றான் சிட்டிபாபு. "அப்பால தந்தி வந்தா அக்கா ஒண்டியா இல்ல வாங்கும்? அதான் பயம்."

எட்டு நாட்டுக்காகக் கத்திய நான் என் தாளை மடித்துப் பையில் வைத்தேன். பல்லாவரம் வந்து போனது.

"நாளையிலேர்ந்து நீ எட்டு மணிக்கு வந்தாப் போதும். லிஸ்ட்டை நானே பாத்துக்கறேன்."

"முடியுமா சார்?"

"எழுந்திருய்யா."

எழுந்தான். கசங்கி, சூடாக இருந்தது தாள். விரித்தேன்.